செவி நின்னோ

மருந்து டிரம்முக்கும் மணல்மூட்டைக்கும் நடுவே
ஒரு முழம் இடம்.
கோபாலபுரம் சோதனைச்சாவடிக்கு
நான் மாற்றலாகி வந்த மூன்றாம் இரவு
அங்கே நாலு குட்டி போட்டது செவலை நாய்.

விடிவதற்குள் இருநூறு லாரி.
ஏர்ஹாரன், பிரேக்கின் சீற்றம்,
நாச்சிமுத்து அண்ணனின் இருமல்.
ஒன்றுக்கும் அசையவில்லை குட்டிகள்.
பிறக்கையில் காதுக்குழி மூடியே இருக்கும், கண்ணைப் போல.
படித்திருக்கிறேன், பரீட்சையிலும் எழுதியிருக்கிறேன்.
ஆனாலும் டார்ச் அடித்துப் பார்த்தேன்:
புளியங்கொட்டை அளவில் ஒரு மடிப்பு,
கோந்து போட்டு ஒட்டிய உறை போல.

பதினேழாம் நாள்
பக்கெட்டின் கைப்பிடி நழுவி டங்கென்று விழுந்தது.
ஒரு குட்டி மட்டும் திடுக்கிட்டுப்
பின்பக்கமாகவே உட்கார்ந்தது.
அதற்கு உலகம்
ஒரு பக்கெட்டாகத்தான் ஆரம்பித்தது.

மற்றதில் ஒன்று தென்னந்தோப்புக்குப் போனது.
ஒன்று எல்லை தாண்டிக் கள்ளுக்கடைக்கு.
ஒன்றைப் பற்றி நாங்கள் பேசுவதில்லை.

மிஞ்சியதை ஷாஜன் பார்த்தான்.
கொல்லங்கோட்டுக்காரன்.
செவ்வாயும் வெள்ளியும் கோழி ஏற்ற
காலிக் கூண்டுகளோடு வருவான்,
கூண்டில் போன வாரத்து இறகு நாலு ஒட்டியிருக்கும்.
"செவி நின்னால் ஞான் கொண்டுபோவாம்."
காது நிமிராததை அவன் வீட்டில்
நாய் என்றே ஒப்புக்கொள்ள மாட்டார்களாம்.

செவி.
நாங்கள் மனப்பாடப் பகுதியில் வைத்துப் பூட்டிய சொல்.
அவன் கேபினில் பீடிக்கட்டோடு கிடக்கிறது.

மூன்றாம் மாதம் இடது காது எழுந்தது.
நாலில் வலதும்.
ஒரு வெள்ளிக்கிழமை முழுக்க இரண்டும் நின்றன.
அன்றைக்குப் பார்த்து லாரி ஸ்டிரைக்.

பிறகு பல் முளைத்தது.
என் செருப்பு வார், ரசீதுப் புத்தகத்தின் முனை,
அண்ணனின் மழைக்கோட்டுப் பொத்தான்
எல்லாம் அதன் வாய்க்குள் போன வாரத்தில்
வலது காது சாய்ந்தது.
பல் விழுந்து முளைக்கும்போது இப்படி ஆகும்,
பொறு என்றேன்.
பிளாஸ்டர் போட்டு நிறுத்தலாமே என்றான் ஷாஜன்.
கணவாய்க் காத்து மடக்கிருச்சு என்றார் அண்ணன்.
ஆடி முடியும்வரை எல்லாப் பழியும்
அவருக்குக் காற்றின் மேல்தான்.

இந்த இடத்தில் ஒரு கவிஞன் வேலை பார்த்திருந்தால்
ஒரு காது தமிழுக்கு, ஒரு காது மலையாளத்துக்கு
என்று எழுதியிருப்பான்.
நான் கால்நடை ஆய்வாளர்.
அது குருத்தெலும்பு.

ஒரு செவ்வாய், விடிகாலை நாலே முக்கால்.
ரோட்டில் ஒன்றுமில்லை.
தூங்கிக்கொண்டிருந்தது தலையைத் தூக்கியது.
சாய்ந்த காது மெல்ல எழுந்து,
நுனி கொஞ்சம் நடுங்கி,
நின்றது.
எண்ண ஆரம்பித்தேன்.
முப்பத்தெட்டில்தான் எனக்குக் கேட்டது
ஷாஜன் வண்டியின் ஓட்டை சைலன்சர்.

டயருக்கு மருந்தடித்து முடிந்து
அவன் கைலியை மடித்துக் கட்டி இறங்கி வருவதற்குள்
இரண்டு காதும் பின்னால் படிந்து
உடம்பு முழுக்க வாலாகிவிட்டது அதற்கு.
"செவி நின்னோ?"
"நின்னுச்சு. உன் வண்டி சத்தத்துக்கு மட்டும் நிக்குது."
கதை விடாதீங்க மேடம் என்றான்,
சுத்தமான தமிழில்.

இன்றோடு ஏழு தடவை.
வண்டி எண், நேரம், மருந்து எத்தனை லிட்டர்,
கடைசியில் 'குறிப்பு' என்றொரு கட்டம்.
வருஷக்கணக்காக யாரும் எழுதாத கட்டம்.
அதில் எழுதிவருகிறேன்:
நின்றது.
நின்றது.

ஆய்வுக்கு வந்த அதிகாரி
விரலை அங்கே வைத்து நிமிர்ந்தார்.
என்னம்மா நின்றது?

வண்டி, சார்.